ஸ்கிராபிளில் கஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கடலூரில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "ஸ்கிராபிள் பி-ஸ்பேஸ் கம்ப்ளீட் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் கம்ப்யூட்டரால் அதைத் தீர்க்க முடியாது என்று அர்த்தமா? என் போனில் இருக்கும் செயலி தினமும் என்னைத் தோற்கடிக்கிறதே, அது எப்படி? செஸ்ஸை விட இது கஷ்டமா, சுலபமா? 247 எழுத்து உள்ள தமிழில் ஆடினால் இன்னும் கஷ்டமாகிவிடுமா?"

நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பல வருடம் தானியங்கிக் கோட்பாடு நடத்தியவன். வீடு மஞ்சக்குப்பத்தில். வீட்டில் தமிழ்ச் சில்லுகளை வைத்து ஆடிப் பார்த்த அனுபவமும் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பி-ஸ்பேஸ் என்பது கணினிக் கேள்விகளைக் கஷ்டத்தின்படி பிரித்த வகுப்புகளில் ஒன்று. 'கம்ப்ளீட்' என்றால் அந்த வகுப்பிலேயே மிகக் கஷ்டமான கேள்விகளில் ஒன்று. விவரம் பிறகு.

முதலில் போன் கதை. ஸ்கிராபிளில் சொல் கண்டுபிடிப்பதுதான் பெரிய வித்தை என்று எல்லோரும் நினைக்கிறோம். கையில் எழுத்து பொறித்த 7 சில்லு, எதிரே 15-க்கு 15 என்று 225 கட்டம், மண்டையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இயந்திரத்துக்கு அந்த வேலை ஒன்றுமே இல்லை. அகராதியில் 2 லட்சம் சொல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு கட்டத்தில் தொடங்கி, குறுக்கே ஒருமுறை, கீழ்நோக்கி ஒருமுறை வைத்துப் பார்த்தால் 9 கோடி சோதனை. புத்தியே இல்லாமல் செய்தால் இவ்வளவு. இன்றைய போனுக்கு இது ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்கூட இல்லை. பலகையைப் பெரிதாக்குங்கள், அகராதியைப் பெரிதாக்குங்கள், கையில் 7-க்குப் பதில் 70 சில்லு கொடுங்கள். சோதனைகளின் எண்ணிக்கை பெருக்கல் கணக்கில்தான் ஏறும், வெடித்துப் போகாது. நம் பாஷையில் சொன்னால் பல்லுறுப்புக் கோவை நேரம்.

அதையும் புத்தியோடு செய்ய 1988-லேயே ஆப்பெல், ஜேக்கப்சன் என்ற இருவர் வழி எழுதிவிட்டார்கள். அகராதியைப் பட்டியலாக வைக்காமல் ஒரு வழிப்படமாக வைப்பது. கடல், கடன், கடமை மூன்றும் 'கட' வரைக்கும் ஒரே பாதையில் வந்து அப்புறம் பிரியும். சொல்லின் வால் பக்கமும் அப்படியே: ஒரே மாதிரி முடிகிற சொற்கள் ஒரே பாதையில் போய்ச் சேரும். பலகையில் ஏற்கெனவே சில்லு இருக்கும் இடத்தை ஒட்டிய காலிக் கட்டங்களில் மட்டும் தேடினால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே எந்த எழுத்து பொருந்தும் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டால் வேலை இன்னும் குறையும். 1994-இல் கார்டன் என்பவர் சொல்லின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நகரும்படி அந்த வழிப்படத்தை மாற்றினார். வேகம் சுமார் இரண்டு மடங்கு, பிடிக்கும் நினைவகம் சுமார் ஐந்து மடங்கு.

ஆக, கொடுத்த பலகை, கொடுத்த சில்லு, அதில் அதிகப் புள்ளி எங்கே என்ற கேள்வி சுலபமானது. சொல்வளம் என்பது மனிதனுக்குத்தான் சுமை. அதுகூட எல்லா மனிதருக்கும் இல்லை. 2015-இல் நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சுமார் 9 வாரத்தில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டார் என்று செய்தி வந்தது. புதுச்சேரி வைசியாள் வீதியில் எனக்குப் பழக்கமான ஒரு சொல்தா பெரியவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்குபவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "போன்ழூர் சொல்லத் தெரியாதவனுக்குக் கோப்பையா?" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

அவரிடம்தான் நான் பிரெஞ்சு ஸ்கிராபிள் பெட்டியைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 100 சில்லு, பிரெஞ்சில் 102. அங்கே கே, டபிள்யூ, எக்ஸ், ஒய், இஸட் ஐந்துக்கும் தலா 10 புள்ளி. அவர் ஆடுவதும் வேறு மாதிரி. பிரெஞ்சுக்காரர்களிடம் 'துப்ளிகாத்' என்று ஒரு வகை உண்டு. 1970-களில் பெல்ஜியத்தில் பிறந்தது. அறையில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே 7 எழுத்து, ஒரே பலகை. நேரம் முடிந்ததும் அவரவர் கண்ட சொல்லுக்கு அவரவருக்குப் புள்ளி. ஆனால் பலகையில் ஏறுவது மிக உயர்ந்த புள்ளி வந்த சொல் மட்டும். அடுத்த சுற்று எல்லோருக்கும் அங்கிருந்துதான். சில்லு நன்றாக விழவில்லை என்று யாரும் புலம்ப முடியாது.

கணக்குப் போடுகிறவனுக்கு இந்த ஆட்டம் ஒரு வரம். இதில் எதிராளியே இல்லை. நான் வைப்பது உங்கள் அடுத்த வாய்ப்பைக் கெடுக்காது, நீங்கள் வைப்பது என்னைத் தடுக்காது. ஒவ்வொரு சுற்றும் மேலே சொன்ன அந்தச் சுலபமான கேள்விதான். அதே சில்லு, அதே பலகை, அதே அகராதியை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே மாறி மாறி வைக்க ஆரம்பித்தால் பி-ஸ்பேஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கஷ்டம் அகராதியிலிருந்து வரவில்லை, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடமிருந்து வருகிறது. உங்கள் நாலு கேள்விக்கும் என் பதில் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

எதிராளி வந்தால் என்ன மாறுகிறது என்பதற்குச் சின்ன ஆட்டம் ஒன்று. சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. சொல்ல முடியாதவர் தோற்றார். பஸ்ஸில் போகும்போது பிள்ளைகள் ஆடுவதுதான். மொத்தம் ஆறே சொல் என்று வைத்துக்கொள்வோம்: படகு, குருவி, குடிசை, விறகு, விசை, சைகை.

நான் 'படகு' என்று தொடங்குகிறேன். நீங்கள் 'குடிசை' என்றால் நான் 'சைகை' என்பேன். 'கை'யில் தொடங்கும் சொல் பட்டியலில் இல்லை, நீங்கள் அவுட். நீங்கள் 'குருவி' என்றால் எனக்கு இரண்டு வழி. அவசரப்பட்டு 'விசை' என்றால் நீங்கள் 'சைகை' என்று முடித்துவிடுவீர்கள். 'விறகு' என்றால் உங்களுக்கு 'குடிசை' தவிர வேறு கிடையாது, நான் 'சைகை' சொல்லி ஜெயிப்பேன். அதாவது நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது, அந்தப் பதிலுக்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்கு மறுபடி ஒன்று இருக்கிறது.

'எதைச் சொன்னாலும்', 'ஒன்று இருக்கிறது', மறுபடி 'எதைச் சொன்னாலும்', மறுபடி 'ஒன்று இருக்கிறது'. இப்படி மாறி மாறி அடுக்கிக்கொண்டே போகும் வாக்கியம் உண்மையா பொய்யா என்று சோதிப்பதுதான் பி-ஸ்பேஸ் வகுப்பின் மையக் கேள்வி. ஆறு சொல்லுக்கு விரல்விட்டுச் சொல்லிவிட்டோம். பட்டியல் வளர வளர, கிளைக்குக் கிளை பிரிந்து, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பதை விடப் பெரிதாக நல்ல வழி யாருக்கும் கிடைக்கவில்லை. இந்தச் சங்கிலி ஆட்டத்தையே பொதுவாக்கி, சொல்லுக்குப் பதில் அம்புக்குறி போட்ட வரைபடமாக எடுத்துக்கொண்டு, அது பி-ஸ்பேஸ் கம்ப்ளீட் என்று ஷேஃபர் 1978-இல் நிரூபித்தார்.

'ஸ்பேஸ்' என்ற பெயர் ஏன் என்பதற்கு நான் வகுப்பில் சொல்வது சிலேட்டு உதாரணம். உங்களிடம் ஒரே ஒரு சிலேட்டு. ஒரு ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை அதில் எழுதிப் பார்க்கலாம். முடிந்ததும் கடைசி வரியை அழித்துவிட்டு வேறொன்று எழுதலாம். அழித்து அழித்து எழுதினால் எல்லா ஆட்டத்தையும் ஓட்டிவிடலாம், சிலேட்டு அதே அளவுதான். ஆனால் ஆயுசு போதாது. இடம் கொஞ்சம், நேரம் எக்கச்சக்கம்: அதுதான் பி-ஸ்பேஸ்.

ஸ்கிராபிள் ஏன் அந்தச் சிலேட்டுக்குள் அடங்குகிறது? வைத்த சில்லு வைத்ததுதான். எடுக்க முடியாது, நகர்த்த முடியாது. பையிலும் கையிலும் சில்லு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. நடுவில் யாராவது 'பாஸ்' சொல்லிக்கொண்டே இருந்தால், தொடர்ந்து சில முறை யாரும் புள்ளி எடுக்கவில்லை என்று ஆட்டத்தையே முடித்துவிடுவார்கள். ஆக ஆட்டத்தின் நீளம் சில்லுகளின் எண்ணிக்கையின் சில மடங்கைத் தாண்டி ஓடாது. செஸ் அப்படி இல்லை. குதிரை போகும், திரும்பி வரும், மறுபடி போகும். நம்ம ஊர் ஆடுபுலி ஆட்டத்திலும் 15 ஆட்டையும் இறக்கிய பிறகு நகர்த்தல்தான். புலியும் ஆடும் வட்டமடித்துக்கொண்டே இருக்கலாம். பலகையைப் பெரிதாக்கிய செஸ் எக்ஸ்ப்டைம் (நேரம் அடுக்குக்குறி வேகத்தில் வெடிக்கும் வகுப்பு) கம்ப்ளீட் என்று ஃப்ரேங்கலும் லிச்சென்ஸ்டைனும் 1981-இல் காட்டினார்கள். ஜப்பானிய விதிப்படி ஆடும் கோ ஆட்டமும் அந்த வகுப்புதான் என்று ராப்சன் 1983-இல் காட்டினார். சில்லு வைத்தால் எடுக்காத ஹெக்ஸ் ஆட்டம் பி-ஸ்பேஸோடு நின்றுவிடுகிறது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு ஏட்டுப் பதில் இதுதான்: செஸ் ஒரு படி மேலே. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தேர்வில் கேட்பார்கள். செஸ்ஸை பல்லுறுப்பு நேரத்தில் தீர்க்க முடியாது என்பது நிரூபணமான உண்மை. ஸ்கிராபிளை முடியாது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. பி வகுப்பும் (பல்லுறுப்பு நேரத்தில் தீர்பவை) பி-ஸ்பேஸ் வகுப்பும் வேறு வேறு என்று எல்லோரும் நம்புகிறோம், அவ்வளவுதான்.

ஸ்கிராபிளுக்கு அந்த நிரூபணம் வந்தது 2012-இல்தான். லாம்பிஸ், மிட்சு, சோல்டிஸ் என்ற மூவர் எழுதினார்கள்; டெமெய்ன், ஹெர்ன் என்ற ஆய்வாளர்கள் கேட்டு வைத்திருந்த கேள்விக்கு விடை. அதிர்ஷ்டத்தை ஒதுக்கிவிட்டார்கள்: பையிலிருந்து எந்தச் சில்லு எந்த வரிசையில் வரும் என்பது இருவருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டார்கள். மேலே சொன்ன அடுக்கு வாக்கியத்தில் வரும் ஒவ்வொரு மாறிக்கும் 'உண்மை', 'பொய்' என்று இரண்டு வழி திறக்கும்படி பலகையை அமைப்பார்கள்; ஒரு வழியை ஒருவர் தேர்ந்தெடுப்பார், அடுத்ததை மற்றவர்; கடைசியில் வாக்கியம் நிறைவேறியதா என்பதை வெற்றி தோல்வி சொல்லிவிடும். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது வேறு. எழுத்துகளின் எண்ணிக்கை, அகராதி, கையில் உள்ள சில்லு எல்லாம் வளராமல் ஒரு அளவில் நின்றாலும், பலகையும் பையும் மட்டும் வளர்ந்தால்கூடக் கஷ்டம் போகவில்லை. அகராதி மேல் பழிபோட வழியே விடவில்லை அவர்கள்.

அப்புறம் ஒரு விஷயத்தை வகுப்பில் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். கடையில் வாங்கும் 15-க்கு 15 பலகைக்கு இந்த வகுப்புப் பெயர் எதுவும் பொருந்தாது. அளவு நிலையாக நின்றுவிட்டால் எல்லாமே ஒரு மாபெரும் மாறிலி. 'கம்ப்ளீட்' என்று சொல்வதெல்லாம் பலகை வளர்ந்துகொண்டே போகும் குடும்பத்தைப் பற்றித்தான். உங்கள் போன் உங்களைத் தோற்கடிப்பதற்கும் அந்தத் தேற்றத்துக்கும் சண்டை இல்லை. உங்களை ஜெயிக்க போன் ஆட்டத்தைத் தீர்க்க வேண்டியதில்லை, உங்களை விட நன்றாக ஆடினால் போதும்.

உண்மையான ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் மறைவும் சேர்கின்றன. 100 சில்லில் 7 எடுக்க 1,600 கோடி வழி. ஒரே எழுத்துச் சில்லுகளை ஒன்றாக எண்ணினால் 31,99,724 விதமான கை. எதிராளி கையில் என்ன என்று தெரியாது. ஷெப்பர்ட் எழுதிய மேவன், பிறகு வந்த குவாக்கில் போன்ற நிரல்கள் இதைச் சமாளிக்கும் விதம் கிட்டத்தட்ட நம் ஆட்கள் செய்வதுதான். நல்ல நகர்வுகள் சிலவற்றை எடுத்து, எதிராளி கையில் இன்னது இருக்கலாம் என்று சில்லைக் குலுக்கிப் போட்டு, இரண்டு மூன்று நகர்வு முன்னோக்கி ஆடி, இதையே ஆயிரக்கணக்கில் திரும்பச் செய்து சராசரி பார்ப்பது. கையில் மிச்சம் வைப்பதற்கும் விலை உண்டு: எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுச் சில்லுக்குப் புள்ளி 0, ஆனால் அதைக் கையில் வைத்திருப்பதன் மதிப்பு சுமார் 25 புள்ளி என்பார்கள். 2006-இல் டொரொண்டோவில் குவாக்கில், முன்னாள் உலகச் சாம்பியன் டேவிட் பாய்ஸை வென்றது. பை காலியானதும் நிலைமை மாறும். பலகையில் உள்ளதையும் என் கையில் உள்ளதையும் கழித்தால் எதிராளி கை அப்படியே தெரிந்துவிடும். அந்தக் கடைசிச் சில நகர்வுதான் 2012 கட்டுரை பேசும் ஆட்டம்: மறைவில்லை, அதிர்ஷ்டமில்லை, நீ வைத்தால் நான், நான் வைத்தால் நீ.

சரி, தமிழ். 247 எழுத்துக்கும் தனித்தனிச் சில்லு போட்டால் என்ன ஆகும்? 247 வகையிலிருந்து 7 எடுக்க, எந்த எழுத்தும் எத்தனை முறையும் வரலாம் என்று வைத்தால், சுமார் 12 லட்சம் கோடி விதமான கை. ஆங்கிலத்தில் 26 எழுத்தும் வெற்றுச் சில்லும் சேர்ந்த 27 வகைக்கு அதே கணக்கு 42,72,048. இதைப் பார்த்துவிட்டு "ஆகா, தமிழ் எவ்வளவு சிக்கல்" என்று பெருமைப்பட வேண்டாம். அந்த 12 லட்சம் கோடியில் பெரும்பாலான கையில் ஒரு உருப்படியான சொல் வராது. ஙௌ, ஞூ, ழீ என்று வைத்துக்கொண்டு விழிப்பீர்கள். முதல் முறை நாங்கள் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி இப்படித்தான் செய்தோம்; அரை மணி நேரத்தில் பிள்ளைகள் எழுந்து வெள்ளி கடற்கரைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவது முறை உடைத்தோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31 வகை. க என்றால் க், அ என்று இரண்டு சில்லு. இப்போது கணக்கு 1,02,95,472-க்கு இறங்கிவிட்டது, ஆட்டத்துக்கும் உயிர் வந்தது. கடலூர் நாலு எழுத்து, உடைத்தால் க், அ, ட், அ, ல், ஊ, ர் என்று சரியாக 7 சில்லு. ஊர்ப்பெயர் செல்லாது என்ற விதி மட்டும் இல்லாவிட்டால் 7 சில்லையும் ஒரே முறையில் வைத்ததற்கு 50 புள்ளி போனஸ்! புதுச்சேரிக்கு 9 வேண்டும், அவர்கள் பலகையிலிருந்து இரண்டு கடன் வாங்க வேண்டியதுதான். சில்லுகளின் எண்ணிக்கைக்கு, ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ் 1930-களில் செய்ததையே செய்தோம்: செய்தித்தாளை எடுத்து எழுத்தை எண்ணுவது. எங்கள் எண்ணிக்கையில் அ முன்னால் நின்றது. ஔவும் ஆய்தமும் எங்கள் 10 புள்ளிச் சில்லுகள்.

தமிழில் நிஜமான சிக்கல் அகராதி என்றால் எது என்பதில்தான். வீடு, வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்தும் என்று ஒரு சொல்லே வால் வளர்த்துக்கொண்டு போகும். பட்டியல் போட்டு மாளாது. ஆனால் வழிப்படமாகப் போட்டால் இது சிக்கலே இல்லை; வேற்றுமை உருபு எல்லாம் ஒரே வால், எல்லாப் பெயர்ச்சொல்லும் அங்கே வந்து சேரும். எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது கடைசியில் வரும், எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருப்பதும் நிரலுக்கு நல்ல வடிகட்டி. க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லின் கடைசியில் நிற்காது. இந்த ஒரு விதியே எத்தனையோ கட்டத்தை அடைத்துவிடும். ஆக தமிழால் வகுப்பு மாறாது, பி-ஸ்பேஸ் அதே பி-ஸ்பேஸ்தான்.

நாங்கள் உருபு ஏற்ற சொல் செல்லாது என்று முடிவு செய்தோம். உருபை அனுமதித்தால் ஆங்கிலத்து எஸ் சில்லு மாதிரி ஐ எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். உடனே சண்டை வந்தது. பலகையில் 'கடல்' இருந்தது, அக்கா மகன் ஒரு ஐ-யை ஒட்டி 'கடலை' என்றான். இரண்டாம் வேற்றுமை, செல்லாது என்றேன். "மாமா, இது வேர்க்கடலை" என்றான். ஆயா உள்ளேயிருந்து, "வேர்க்கடலையாம், அது மல்லாட்டை. கடலைன்னா கொண்டக்கடலை" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு விதத்திலும் செல்லும் என்று ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் ஆயாவும் நானும் மட்டும். பை காலி. பலகையில் மறுபடி 'கடல்', அதன் வலப்பக்கம் திறந்து கிடக்கிறது. என் கையில் கடைசியாக ஒரே ஒரு ஐ. ஆயாவிடம் ஐந்து சில்லு, அவர் முறை. பல்லாங்குழியில் முத்து எண்ணிப் பழகியவர். மொத்தம் எத்தனை ஐ, பலகையில் எத்தனை என்று பார்த்துவிட்டார். மூன்று வரியில் சில்லை இறக்க நல்ல இடம் இருந்தது. அதை விட்டுவிட்டு, 'கடல்' வரிக்கு இரண்டு வரி மேலே கிடந்த ஒரு ப்-ஐப் பிடித்துக் கீழ்நோக்கி ஆ, க், க், உ என்று 'பாக்கு' வைத்தார். அதன் முதல் க் சரியாகக் 'கடல்' வரியில், ஒரு கட்டம் தள்ளி வந்து உட்கார்ந்தது. இப்போது நான் அந்த இடைவெளியில் ஐ-யை வைத்தால் 'கடலைக்' என்று ஆகும். க்-இல் எந்தச் சொல்லும் முடியாது. "வையேன்டா" என்றார். வைக்க இடமில்லை, அந்த ஐ-யின் புள்ளியை என் கணக்கில் கழித்துக்கொண்டோம்.